நாலு டிகிரி கழிச்சுக்கோ

அவர் வீட்டில் எதுவுமே சரியாக இருக்காது. ஆனால் எது எவ்வளவு தப்பு என்பது அவருக்கு அத்துப்படி.

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். கீழே அவரும் அவர் மனைவியும், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். அவரை அண்ணே என்பேன், அந்த அம்மாவை அக்கா என்பேன். "இதென்னடி முறை, புருஷன் அண்ணன், பொண்டாட்டி அக்காவா?" என்று என் மாமியார் வரும்போதெல்லாம் கேட்பார். எனக்கு வாயில் அப்படித்தான் வந்தது. மாற்றிக்கொள்ளவில்லை.

குடிபோன மறுநாள் காலையில் மோட்டார் போடச் சொல்வதற்காகக் கீழே இறங்கியவள், அவர்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். பாதி இட்லியை அப்படியே மூடி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நான் வேலை செய்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெருக்குகிற அம்மாகூட அப்போது வந்திருக்கவில்லை. சாயங்காலம் திரும்பியதும் நேரே கீழ் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, உங்க கடியாரம் இருபது நிமிஷம் வேகமாப் போவுது."

"ஆமா, இருவது நிமிஷம்" என்றார், நான் சொன்னது ஏதோ நல்ல செய்தி போல.

"தெரிஞ்சுமா திருத்தி வெக்கல?"

"இன்னாத்துக்குத் திருத்தணும்? எவ்ளோ தப்புன்னு தெரிதில்ல? கழிச்சுக்கோ. அவ்ளோதான் மேட்டரு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு நானே முள்ளைத் திருப்ப ஏறிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா, எறங்கு. நாங்க இதுக்குப் பழகிட்டோம். நீ சரியா வெச்சிட்டேன்னு வெய்யி, நாளைக்கும் நான் இருவது நிமிஷம் கழிச்சிகினு பொறுமையா போவேன். என் வேல போயிடும்."

அவருக்கு வேலை கல்லூரிப் பேருந்து ஓட்டுவது. காலையில் செங்கல்பட்டில் கிளம்பி, திருப்போரூர் வழியாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கொட்டிவிட்டு, மாலையில் திரும்ப அள்ளிவருவார். அந்தப் பேருந்தின் வேக முள் பத்து கிலோமீட்டர் கூட்டிக் காட்டும். டீசல் முள் பாதியிலேயே நிற்கும். அதையெல்லாம் மனசிலேயே கழித்துக்கொண்டு ஓட்டுவார். பிரேக்கை மட்டும்தான் கழிக்கவில்லை என்று நான் கிண்டல் செய்வேன்.

மனிதர்களுக்கும் அதே கணக்குதான். மச்சினன் அடிக்கிற ஜம்பத்தில் பாதி கழிக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் நாளைக்கு என்றால் ரெண்டு நாள் கூட்ட வேண்டும். "ஏன், என்கிட்ட என்ன கழிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ கோவத்துல பேசறதுல முக்கால்வாசிய குடிவந்த அன்னிக்கே கழிச்சாச்சு" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தார்.

எனக்கு இது ஒத்தே வராது. எங்கள் லேப்பில் ஒரு மெஷின் துளி தப்பாகக் காட்டினாலும் அன்றைக்கு அதைத் தொடக்கூடாது. சரிசெய்த பிறகுதான் அடுத்த ஆளின் ரத்தம். "உங்க பேச்சக் கேட்டு நாங்களும் கழிச்சுக்கோன்னு சொன்னா, ஊர்ல பாதி சர்க்கரைக்காரன் லட்டு தின்ன ஆரம்பிச்சுடுவான்" என்பேன். "மெஷினுக்கு நீ சொல்றது சரிம்மா" என்பார். அவர் வீட்டில் இருப்பதெல்லாம் மெஷின் இல்லையா என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவரைப் பார்க்க வேண்டும். காலை நாஸ்தா முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முன்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். விமானம் ஓட்டுவதைப் பழகிக்கொள்ளும் விளையாட்டு அது. விளையாட்டு என்றால் கோபித்துக்கொள்வார். பையன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிப் போட்டது. கீழே காலுக்குப் பெடல், மேஜையில் ஒரு கைப்பிடி. பேருந்துப் பழக்கம் விடுமா? இறங்கும்போது இடது கால் தானாகக் கிளட்சைத் தேடும். மேகம் குறுக்கே வந்தால் ஹாரன் இருக்கிற இடத்தில் கை போய் அமுக்கும். திரையின் ஓரத்தில் இன்னொரு விமானம் தெரிந்தால் எதிரே வருகிற பஸ் டிரைவருக்குக் காட்டுவது போலக் கையைத் தூக்குவார். முதல் முறை பார்த்தபோது நான் படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எப்போதும் ஒரே பயணம்தான். கனடாவில் தெற்கே ஒரு பெரிய ஊரில் ஏறி, நேர் வடக்கே போய், பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கிற சின்ன ஊரில் இறங்குவார். அந்த ஊரின் பெயர் அவர் வாயில் நுழையாது. 'ஏரி ஊரு' என்பார். "நம்ம மதுராந்தகம் ஏரிய ஆயிரம் தடவ பக்கத்துல பக்கத்துல வெச்சாகூட அதுக்குப் பத்தாது" என்பார். போய்ச்சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கியதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "தட்டு வெக்கலாம்" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பார். அதுவரை அக்கா சாதத்தை வடிக்க மாட்டார்.

வழிகாட்டும் ஜிபிஎஸ் அந்த விமானத்திலும் உண்டு. அதை அணைத்து வைத்திருந்தார். காம்பஸும் கடிகாரமும்தான். இணையத்திலிருந்து எடுத்த புது வரைபடத்தைப் பார்த்து, எந்தத் திசையில் மூக்கை வைக்க வேண்டும் என்று ஒரு எண் எடுப்பார். பிறகு அதிலிருந்து கொஞ்சம் கழிப்பார். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைத் திரையின் ஓரச் சட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார். அன்றைக்கு அது நாலு.

"இங்கயுமா?" என்றேன்.

அப்போதுதான் விளக்கினார். "காம்பஸ் ஊசி காட்டுற வடக்கு வேற, நெசமான வடக்கு வேறம்மா. நம்ம ஊர்ல ரெண்டுத்துக்கும் வித்தியாசம் ஒண்ணோ ஒண்ணரையோ. கண்டுக்க வேணாம். அங்க மேல போனா பத்து, பதினஞ்சுன்னு தள்ளி நிக்கும். அதுவும் ஒரே எடத்துல நிக்காது. வருஷாவருஷம் நவுந்துகினே கீது. இந்த கம்ப்யூட்டரு பழசு. இது செஞ்ச வருஷத்துல ஊசி எங்க நின்னுச்சோ அதுதான் இதுக்குத் தெரியும். வரைபடம் இந்த வருஷத்து. ரெண்டும் ஒத்துப்போவாது. நாலு டிகிரி கழிச்சாதான் ஊரு போய் சேரலாம். அப்படியே போனா ஏரிக்குள்ளயோ காட்டுக்குள்ளயோ வுட்டுடும்."

"அத மாத்த முடியாதா?"

"முடியும். ஒரே ஒரு ஃபைலு. பையன் லீவுக்கு வந்து மாத்தித் தரேன்னு சொல்லிக்கீறான்."

பையன் அந்த ஏரி ஊரில்தான் வேலையில் இருந்தான். அப்பா ஓட்டுவதை அங்கிருந்தபடியே வீடியோவில் பார்த்துச் சொல்லிக் கொடுப்பானாம். "ஓட்டிகினு இங்கயே வந்துடு நைனா" என்பானாம். ஒருநாள் அந்த ஊர் விமான நிலையத்திலிருந்து படம் அனுப்பினான். ஓடுபாதையில் எழுதியிருக்கிற நம்பர் ஊசி காட்டும் திசையை வைத்து எழுதுவது. வடக்கு நகர்ந்துபோனதால் பழைய நம்பரை அழித்துப் புது நம்பர் எழுதியிருந்தார்கள். "வடக்கே நவுந்துடுச்சு பாரு நைனா. உன் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. நான் வந்து ஃபைல மாத்தித் தரேன், அதுவரைக்கும் கழிச்சுக்கோ" என்றானாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கே அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அக்காவும் அப்படித்தான் பேசுவார். "பொங்கலுக்கு வருவான்" என்பார். பொங்கல் போனால், "அங்க பனி வுடல, சித்திரையில வருவான்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று தட்டு வைப்பார். அண்ணன் பையனுடைய ஊருக்குப் போய் வந்திருக்கிறார் அல்லவா, அதனால் பையனுக்கும் ஒன்று. நான் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

தெருமுனையில் துணி தேய்க்கிற அம்மாதான் போட்டு உடைத்தார். "இன்னாம்மா நீ, அந்தப் பையன் வரப்போறான்னு சொல்லிகினு கீற? அவன் செத்து ரெண்டு வருஷம் ஆவுது."

அங்கே பனியில் கார் வழுக்கி லாரியில் மோதிவிட்டதாம். பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கடற்கரையில் இருக்கிற குப்பம்தான் அவருடைய சொந்த ஊர். அங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

மறுநாள் அவர் வாசலில் தனியாகப் பேருந்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"தெருவுல சொல்லிட்டாங்களா?" என்றார். துணியைப் பிழிந்தார். அடுப்படிப் பக்கம் தலையை ஆட்டி, "பெத்தவ. முகத்தப் பாக்கல. அதனால கொஞ்சம் தள்ளி நிக்கிறா. ஒரு நாலு டிகிரி. திருத்தப் போனா ஒடஞ்சிடுவாம்மா. நான் கழிச்சிகினு போறேன். நீயும் கழிச்சுக்கோ" என்றார்.

கடிகாரத்துக்கும் டீசல் முள்ளுக்கும் அவர் சொன்ன வார்த்தைதான். முதல் முறையாக எனக்கு அது சரி என்று பட்டது. இப்படி ஒரு மனுஷனா என்று மாடியில் வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அன்றிலிருந்து அக்கா "பையன் வருவான்" என்றால் நானும் "வரட்டும் அக்கா" என்பேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஒருமுறை கம்ப்யூட்டர் கடைக்காரர் விசிறியில் அடைந்த தூசியைத் தட்ட வந்தார். அவருக்கும் இந்த விமானப் பைத்தியம் உண்டு. திரை ஓரத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததும், "இன்னும் கையால கழிச்சிகினா கீறீங்க? ரெண்டு நிமிஷத்துல புது ஃபைல் போட்டுடறேன் சார்" என்று மவுஸில் கை வைத்தார். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். தட்டினார் என்றால் சத்தம் மாடிக்கே கேட்டிருக்கும். "எவனும் தொடக்கூடாது. பையன் வந்து மாத்துவான்." அப்போது அக்கா வீட்டில் இல்லை. கடைக்குப் போயிருந்தார். யாருக்காக அப்படிச் சொன்னார் என்று ஒரு கணம் தோன்றியது. பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு விடுமுறை நாளில் மீன் வாங்கக் குப்பத்துக்குக் கிளம்பியவர் என்னையும் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய தம்பி அங்கே கடலுக்குப் போகிறவர். படகைக் கரையேற்றி வலையை உதறிக்கொண்டிருந்தார். அண்ணன் கடலில் காலை நனைத்தார், வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்தார், தெரிந்த பெண்களிடம் வம்பு பேசினார். கரைக்கு மேலே சவுக்குத் தோப்பு. அதற்குப் பின்னால்தான் இடுகாடு என்று தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் தம்பியிடம் மெல்லக் கேட்டேன். "போவ மாட்டாரா?"

"எங்க? பொதச்ச அன்னிக்கே தோப்புக்கு இந்தாண்ட நின்னுட்டாரு. இதுவரைக்கும் ஒருவாட்டி போனதில்ல" என்றார் தம்பி. "அண்ணிதான் வருவாங்க. மாசாமாசம் கிருத்திகைக்கு, பஸ் புடிச்சி. பூ வெச்சிட்டு, கொஞ்ச நேரம் அழுதுட்டு, எங்க வூட்ல மொகத்தக் கழுவிகினு போவாங்க."

கிருத்திகைக்கு அக்கா திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போவதாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். திருநீறு கொண்டுவந்து எனக்கும் பூசிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் மீன் பையை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். அக்கா அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தார். நான் எதையும் மென்று விழுங்குகிறவள் இல்லை. "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் செதில் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதா? பொட்டிய எறக்கும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா?"

"எல்லாரும் அழுவுறாங்க. நான் மண்ணுல பொரள்றேன். இவரு மட்டும் எங்கிட்ட வந்து, 'இன்னாத்துக்கு அழுவுற, லீவுக்கு வரேன்னு சொல்லிக்கீறான் இல்ல?'ன்னாரு. கண்ணப் பாத்தேன். பொட்டுத் தண்ணி இல்ல. பயந்துட்டேம்மா. 'ஆமாங்க, வருவான்'னேன். அன்னிக்குப் புடிச்சது."

"ஆனா அவரு, நீங்கதான் நம்பிகினு இருக்கீங்கன்னு..."

"நாலு டிகிரின்னு ஒங்கிட்ட சொன்னாரே, அதானே? என் காதுலயும் வுழுந்துச்சு. சொல்லட்டும். எனக்காகத்தான் இப்பிடிப் பேசறோம்னு நெனச்சிகினு கீறாரு. அப்பிடி நெனச்சாதான் அவரால நிக்க முடியுது. நான் 'அவன் இல்ல'ன்னு ஒரு வார்த்த சொன்னா, அவருக்கு அப்புறம் கழிக்க இன்னா கீது?"

மீனைக் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் மூன்று பேருக்காகவும்தான்.

அதன் பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டில் எல்லாம் அப்படியேதான் ஓடியது. திரை ஓரத்து எண் நாலிலிருந்து கொஞ்சம் கூடியது. மூன்று தட்டு, வெள்ளைச் சட்டை, வேகமாக ஓடும் கடிகாரம். நான் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு நடமாடப் பழகினேன். என் குணத்துக்கு அது பெரிய தண்டனை.

அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. வாயுத் தொல்லை என்று சுக்கும் பெருங்காயமுமாகக் குடித்துக்கொண்டிருந்தார். நான் திட்டி இழுத்துக்கொண்டு போனேன். கட்டி என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். ரத்த ரிசல்ட் எங்கள் லேப்பிலிருந்துதான் போனது. அதில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மாடிக்கு ஏறி வந்தார். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. "கொஞ்சம் கீழ வந்து எங்கூட இரும்மா. எனக்குப் பயமா கீது" என்றார். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். வரைபடம், எண், கழித்தல், காம்பஸ். அக்கா அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. வெள்ளைக் காடும் சின்னச் சின்ன ஏரிகளும் கீழே போய்க்கொண்டே இருந்தன.

ஊர் வரவேண்டிய நேரத்தில் ஊர் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. அவர் முன்னால் குனிந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், திரை ஓரத்து எண்ணைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். இடது பக்கமும் தண்ணீர், வலது பக்கமும் தண்ணீர். பேருந்து ஓட்டுகிற மனுஷன், வழி தவறியது எங்கே என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

"யாரு கை வெச்சது?" என்றார், திரும்பாமலே.

"நான்தான்" என்றார் அக்கா. "வெள்ளிக்கெழம நீங்க டூட்டிக்குப் போனப்பொறம் கடைக்காரரக் கூப்ட்டு மாத்தச் சொன்னேன். இப்ப சரியா காட்டுது. நீங்க கழிச்சீங்க, அதான் தள்ளிப் போயிடுச்சு."

"அவன் வந்து மாத்தறேன்னு சொல்லிக்கீறான். உனக்குத் தெரியாதா?"

"அவன் வரமாட்டாங்க."

அவர் நாற்காலியோடு திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அதில் கோபமே இல்லை. பேருந்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் மாதிரி இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து" என்றார் அக்கா. எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். திரும்பி வருவனோ மாட்டனோ. இத்தன வருஷம் நான் கழிச்சிகினு இருந்தேன். நான் இல்லன்னா ஒங்களுக்கு யாருங்க கழிப்பாங்க? அதான் நான் இருக்கும்போதே சரிபண்ணி வெச்சிடலாம்னு..."

அவர் விசைப்பலகை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கதறினார். பெட்டி வந்த அன்றைக்கு அழ வேண்டியதெல்லாம் அன்றைக்கு அழுதார். நெற்றி எந்த விசையில் பட்டதோ, திரையில் விமானம் மூக்கைக் கவிழ்த்துத் தண்ணீரை நோக்கிப் போனது. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

பிறகு அக்கா சாதம் வடித்தார். மூன்று தட்டு எடுத்தார். மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "உக்காரும்மா" என்று என்னைக் கூப்பிட்டு அதில் எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். ஆனால் உள்ளே பரவியிருந்தது. சித்திரை வருவதற்குள் அக்கா போய்விட்டார். பையனுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். அன்றைக்குத்தான் அண்ணன் சவுக்குத் தோப்பைத் தாண்டினார். தம்பி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். மண் போட்டார், திரும்பினார். பக்கத்திலிருந்த மேட்டில் காய்ந்த பூச்சரம் ஒன்று கிடந்தது. கடைசிக் கிருத்திகைக்கு அக்கா வைத்ததாக இருக்கும். அதைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு வேலை மாறியதால் நாங்கள் மதுராந்தகம் வந்துவிட்டோம். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கரும்பும் கொஞ்சம் பொங்கலும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கூடத்துக் கடிகாரம் அதே இருபது நிமிஷம் வேகம். அண்ணன் வெள்ளைச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். இளைத்திருந்தார். "வாம்மா, உக்காரு. இப்பதான் கெளம்பினேன்" என்றார்.

திரை ஓரச் சட்டத்தைப் பார்த்தேன். பழைய எண்ணைத் துடைத்துவிட்டு, இந்த வருஷத்துக்குப் புதிதாக ஒரு எண் எழுதியிருந்தார். நாலரை.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அதான் சரிபண்ணியாச்சே. இப்ப அது சரியாத்தானே காட்டுது? ஏன் கழிக்கிறீங்க?"

"சரியாத்தாம்மா காட்டுது" என்றார். பார்வை காம்பஸிலேயே இருந்தது. "கழிக்காம போனா நேரா ஊர்ல போய் எறங்கிடுவேன். எறங்கிட்டா, அவன் அங்க இல்லன்னு தெரிஞ்சிடுமே."

நான் அடுப்படிக்குப் போனேன். பருப்பு டப்பாவும் அரிசி டப்பாவும் அக்கா வைத்த இடத்திலேயே இருந்தன. உலை வைத்தேன். சாதத்தை மட்டும் வடிக்காமல் காத்திருந்தேன். ரொம்ப நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது திரை முழுக்கத் தண்ணீர்.

"ஊரு வரலியேம்மா" என்றார்.

துளி தப்பாகக் காட்டும் மெஷினைத் தொட விடாதவள் நான். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் அக்காவின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வரும்ணே" என்றேன். "இன்னும் கொஞ்சம் தூரம் கீது. ஓட்டுங்க."